கட்டைக்கு வைத்த பொட்டு

பணி அனுபவங்களை எழுதுகிறவர்கள் வழக்கமாக ரிடையர் ஆனவர்களாக இருப்பார்கள். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். காரணம் நீங்கள்தான். திண்டிவனம் ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த நாளிலிருந்து பால் ஸ்குரூவை எப்படி மாட்டுவது என்ற ஒரே கேள்வியை ஆளுக்கு ஒரு விதமாகப் போனில் கேட்கிறீர்கள். அதுவும் நான் வெளியூர் சர்வீசுக்குப் போய், பஸ் ஸ்டாண்டில் தோசைக்குக் கை கழுவும் நேரமாகப் பார்த்துக் கேட்கிறீர்கள்.

போன வாரம் உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும், புது பால் ஸ்குரூவின் நட்டை முழுக்கத் திருகிக் கழற்றினார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவாம். உள்ளே என்ன இருந்தது என்று இப்போது ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். பால்ரஸ் குண்டுகள். சாதாரண ஸ்குரூ மரையோடு மரை உரசி நகரும். பால் ஸ்குரூவில் நட்டுக்குள் இருக்கிற இந்தக் குண்டுகள் உருண்டு நகரும். நட்டை வெளியே எடுத்தால் குண்டுகளுக்கு வேறு வேலை இல்லை, கொட்டும். லேத்துக்கு அடியில் கொட்டின, சாக்கடைக்குள் கொட்டின, ஓனரின் செருப்புக்குள்ளும் ஒன்று போயிருந்தது. பெருக்கும்போதெல்லாம் இன்னும் வருகின்றன.

நட்டை எப்படிப் பிடிப்பது, பேரிங்கை எப்படி ஏற்றுவது, ஷிம் தகட்டை எங்கே வைப்பது என்பதெல்லாம் வீடியோவில் இருக்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது வீடியோவில் இல்லாத ஒரு நாளைப் பற்றி.

விழுப்புரத்தில் அமுதா அக்கா என்று ஒருவர் இருக்கிறார். டிப்ளமோ படித்தவர். சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் இரும்பையும் அலுமினியத்தையும் குடைந்து வெட்டுகிற மில்லிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். பெண் குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டார். கம்பெனி திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. போனால் ஹாஸ்டலில் தங்க வேண்டும், ஷிப்ட் பார்க்க வேண்டும், குழந்தையை வல்லம் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டில் விட வேண்டும், லீவு கிடைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்கு மனசில்லாமல், வீட்டிலேயே வேலை எடுத்துச் செய்யலாம் என்று ஒரு சின்ன மில்லிங் மிஷினை வாங்கினார். மேசை மேல் உட்காருகிற சைஸ். சென்னையில் பொம்மை இன்ஜின் செய்து விளையாடிக்கொண்டிருந்த ஒருவர், பொழுதுபோக்கு அலுத்துப்போய் விற்றது. மோட்டார், கம்ப்யூட்டர் எல்லாம் அவரே மாட்டி வைத்திருந்தார். ஸ்குரூ மட்டும் பழசு.

பாண்டி பக்கம் ஒரு பம்பு கம்பெனி, ஒரு சாம்பிள் செய்து காட்டு, சரியாக இருந்தால் தொடர்ந்து வேலை தருகிறோம் என்று சொல்லி, கொஞ்சம் அலுமினியக் கட்டிகளை அக்காவிடம் கொடுத்திருந்தது. நடுவில் பேரிங் உட்காருகிற வட்டக் குழி. அந்தக் குழிதான் எல்லாம். பழைய ஸ்குரூவில் ப்ளே, அதாவது ஆட்டம், அதிகம். மோட்டார் திரும்பும், கட்டியைப் பிடித்திருக்கிற டேபிள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் நகரும். அப்படி நகர்ந்தால் குழி வட்டமாக வராது.

"வட்டம் போடச் சொன்னா முட்டை போடுது தம்பி" என்றார் அக்கா, முதல் நாள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது. "கோழிப் பண்ணை வெச்சிருந்தாகூட இவ்ளோ முட்டை பாத்திருக்க மாட்டேன்."

அதனால் பால் ஸ்குரூ மாற்றுவது என்று முடிவானது. டேபிளை இடம் வலமாகவும் முன்னும் பின்னுமாகவும் நகர்த்துகிற இரண்டு ஸ்குரூவையும் மாற்ற வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கட்டரைப் பிடித்திருக்கிற ஹெட்டை மேலும் கீழும் நகர்த்துகிற ஸ்குரூவை மாற்ற வேண்டாம் என்றேன். ஹெட்டின் எடை எப்போதும் கீழ்ப்பக்கமாகவே அழுத்திக்கொண்டிருப்பதால் அங்கே ப்ளே இருந்தாலும் வேலையில் தெரியாது. அதோடு பழைய ஸ்குரூ கரண்டு போனாலும் ஹெட்டை அப்படியே பிடித்துக்கொள்ளும். பால் ஸ்குரூ பிடிக்காது. அது வழுக்கிக்கொண்டு ஓடுகிற சாமான். மோட்டார் பிடியை விட்டால் ஹெட் இறங்கிவிடும். பிரேக் உள்ள மோட்டார் வேண்டும்.

நம் ஓனர் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "செட்டுடா அது. மூணும் சேந்துதான் வந்திருக்குது. மூணாவதை இன்னா பண்றது, மாலை போட்டு செவுத்துல மாட்டறதா?"

"பிரேக் மோட்டார் வந்தப்புறம் மாட்டலாம் சார்."

"சொல்லியாச்சு, வரும். அதுவரைக்கும் ஒரு கட்டை வெச்சிக்க சொல்லு. பாத்துக்கலாம்."

இந்தப் 'பாத்துக்கலாம்' என்ற வார்த்தையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பார்த்துக்கொள்ளப்போவது அவர் இல்லை என்பது இந்நேரம் உங்களுக்கும் புரிந்திருக்கும்.

அக்கா வீட்டிலும் அவசரம். ஆயுத பூஜைக்குள் மிஷின் வேலை முடிந்திருக்க வேண்டும் என்று அவருடைய மாமனார் ஒற்றைக் காலில் நின்றார். முகையூர் பக்கம் சொந்த நிலத்தில் கரும்பு போட்டவர். நிலத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மகன் சேகரோடு விழுப்புரத்தில் இருக்கிறார். மிஷின் மீது அவருக்கு ஒரு தனிப் பாசம். நாங்கள் அவர்கள் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கழற்றிப் போடுகிற ஒவ்வொன்றையும் எடுத்து, எண்ணெய் தொட்டுத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தார். பழைய ஸ்குரூ, அதன் நட்டு, தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட், தேய்ந்த வாஷர்வரை.

"ஐயா, அதெல்லாம் காயலான் கடைக்குப் போறது. கால்ல தடுக்கிக்கினு கிடக்குது. குடுங்க, கொண்டுபோயிடறேன்" என்றேன்.

"இவ்ளோ நாளு உழைச்சிருக்குது இல்ல தம்பி. கழட்டின உடனே தூக்கிப் போட்டுடறதா?" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அன்று என்னை எரிச்சல்படுத்திய விஷயங்களின் வரிசையில் இது கடைசியாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

புளியங்கட்டை ஒன்றை அளவாக அறுத்து, இரண்டு பக்கமும் இழைத்துக் கொடுத்தேன். மெயினை அணைப்பதற்கு முன் ஹெட்டுக்கும் டேபிளுக்கும் நடுவில் இந்தக் கட்டையைக் கொடுத்துவிட வேண்டும், பிரேக் மோட்டார் வருகிறவரை இதுதான் பிரேக் என்று அக்காவிடம் செய்து காட்டினேன். அக்காவுக்கு ஒரு முறை சொன்னால் போதும். ஆனாலும் மனசு கேட்காமல், மெயினை நிறுத்தும் முன் கட்டையை வைக்கவும் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஸ்விட்ச் போர்டுக்கு மேல் ஒட்டிவிட்டு வந்தேன்.

என் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுதி ஒட்டிவிட்டால் உலகமே நின்று படிக்கும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு. என் அப்பாவுக்கு ரேஷன் கடை போர்டை நான்தான் படித்துக் காட்டுவேன். அப்படியிருந்தும் அந்த நம்பிக்கை போகவில்லை. அக்காவின் மாமனாருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

பால் ஸ்குரூ மாட்டியதும் மிஷின் ஒழுங்காக வட்டம் போட்டது. ஆனால் முட்டைக்கே கட்டிகள் தீர்ந்துபோய் இரண்டுதான் மிச்சம். ஒன்றில் சாம்பிளை முடித்தார். அளந்தார், போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். நல்ல வேலை. பம்பு கம்பெனியில் பர்சேஸ் பார்க்கிறவருக்குச் சொந்த ஊர் வளவனூர். பூஜை லீவுக்கு வந்திருந்தார். விஜயதசமி அன்று காலையில் விழுப்புரத்துக்கு ஒரு வேலையாக வருவேன், அப்போது வாங்கிக்கொள்கிறேன், அதை விட்டால் வேறு பார்ட்டியை முடிவு செய்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை அன்று அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார். திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். லீவு நாள் கூட்டம், விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்று நின்று, நான் வீட்டு வாசலுக்குப் போனபோது உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் சேகர் அண்ணனின் ஆட்டோ வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு நின்றது. சக்கரத்துக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். அதற்குப் பூஜை முடிந்துவிட்டது. செருப்பை விட்டுவிட்டு மிஷின் இருந்த முன்னறைக்குள் நுழைந்தேன்.

சாமி படம், பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் மிஷினுக்கு முன்னால். கறையில்லாமல் கழுவித் துடைத்த ஸ்பேனர்கள் ஒரு வரிசையாக, ஒவ்வொன்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம். அந்த வரிசையின் கடைசியில், வேறு யாராக இருக்கும், என் புளியங்கட்டை. நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, சந்தனம் பூசி, பெரிய பொட்டாக வைத்து, ஒரு செவ்வந்திப் பூவும் சூட்டியிருந்தார்கள்.

கட்டை கீழே இருக்கிறதென்றால் மேலே எது தாங்குகிறது என்று நிமிர்ந்து பார்த்தேன். மாமனார் கற்பூரத் தட்டோடு நிற்கிறார். ஃபேன் சுற்றவில்லை. கற்பூரம் அணையக் கூடாது என்று ஃபேனை நிறுத்த வேண்டும், அந்த நேரத்தில் மிஷினும் ஓய்வாக இருக்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து மெயினையே அப்போதுதான் இறக்கிவிட்டிருந்தார். ஸ்விட்ச் போர்டுக்கு மேலிருந்த என் எழுத்துக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

ஹெட் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், மெதுவாக ஆரம்பித்து வேகம் பிடித்து.

அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மாமனார்தான் பார்த்தார். பார்த்து, தட்டை உயர்த்திப் பிடித்துச் சொன்னார்: "அமுதா, பாரும்மா. மிஷினே தலை குனிஞ்சு கும்பிடுது."

நான் இரண்டு பேரைத் தாண்டிப் பாய்ந்தேன். பூசணிக்காய் தடுத்தது. டேபிளின் நடுவில், ஒரு வெற்றிலையின் மேல், முடித்து வைத்த சாம்பிள் இருந்தது. முதல் சாமான் சாமிக்கு என்று மாமனாரே வைத்திருந்தார். ஸ்பிண்டிலில் கட்டர் மாட்டியபடியே இருந்தது. ணக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மணி நின்றது. அக்கா கண்ணைத் திறந்தார். ஹெட்டைத் தூக்கிப் பிடித்து சாம்பிளை எடுத்துக் கொடுத்தேன். குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பேரிங் உட்காருகிற விளிம்பில் கட்டரின் மூலை இறங்கி ஒரு வெட்டு. நகத்தை வைத்தால் நகம் உள்ளே போய் நின்றது.

அக்கா அழவில்லை. சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மாமனாரைப் பார்த்து, "கட்டையை யாரு எடுத்தது மாமா?" என்றார்.

"நான்தான். எண்ணெய்ப் பிசுக்கா இருந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா அழுக்கா வெக்கறதா? ஹெட்டை நீதானே மேல ஏத்தி நிறுத்தியிருந்த, அப்ப சும்மாத்தானே இருந்துச்சு கட்டை."

அதுவும் உண்மை. அலங்காரம் செய்ய இடம் வேண்டும் என்று அக்கா ஹெட்டை உயரத்தில் ஏற்றி, கரண்டை ஓட விட்டுவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தார். கரண்டு இருக்கிறவரை மோட்டார் பிடித்துக்கொண்டிருந்தது. யார் மீது கோபப்படுவது என்று தெரியாமல் நான் ஓனருக்குப் போன் செய்தேன். மனுஷனுக்குப் புத்தி போகிற வழி.

"அரம் போட்டு லேசா தேச்சு உட்றா. கம்பெனிக்காரன் இன்னா பூதக்கண்ணாடி வெச்சிக்கினா பாக்கப்போறான்? பாக்க மாட்டான்" என்றார் ஓனர். ஸ்பீக்கரில் இருந்தது.

"நான் பாத்துட்டேனே" என்றார் அக்கா.

அதோடு அந்த யோசனை முடிந்தது. ஒரே வழி, மிச்சமிருந்த கடைசிக் கட்டியில் இன்றைக்கே இன்னொன்று செய்வது. அக்கா மெயினைப் போடப் போனார். மாமனார் குறுக்கே வந்தார்.

"பூஜையில வெச்ச மிஷினை இன்னிக்குத் தொடக்கூடாதும்மா. நாளைக்கு மறுபூஜை பண்ணிட்டு எடுத்துக்க."

"நாளைக்குக் காலையில அவரு வந்து நிப்பாரு மாமா. வெத்தலையைக் குடுத்து அனுப்பறதா?"

"அதுக்காக மொறையை மாத்த முடியுமா? நான் வேணும்னா அவருகிட்ட பேசறேன்."

அக்கா வாசல் பக்கம் திரும்பினார். சேகர் அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். அக்கா கணவரிடம், "இந்தாங்க, ஆட்டோவை எங்க எடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"ஸ்டாண்டுக்கு. இன்னிக்கு சவாரி நல்லா இருக்கும்."

"அதுக்கும் இப்பத்தானே பூஜை போட்டீங்க."

"போட்டேன். அதான் எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தி ஓட்டிட்டேனே. ஓட்டி வெச்சாத்தான் நல்லது."

"கேட்டுக்கினீங்களா மாமா? ஆட்டோவுக்குப் பூஜை முடிஞ்ச உடனே ஓட்டினா நல்லதாம். எம் மிஷினுக்கு மட்டும் தீட்டா? அதுக்கும் பழம் வெச்சு ஓட்டுங்க."

மாமனார் மகனைப் பார்த்தார். சேகர் அண்ணன் ஆட்டோவைப் பார்த்தார். "எனக்கு சவாரி இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். பிறகு மாமனார் மெல்லச் சொன்னார்: "பழம் ஒண்ணு கொண்டா."

ஒரு வழியாக அது தீர்ந்தது என்று அக்கா மெயினைப் போடக் கையைத் தூக்கினார். நான்தான் இப்போது குறுக்கே போய் நின்றேன். ஏனென்றால் அப்போதுதான் ஸ்குரூக்களைச் சரியாகப் பார்த்தேன். மூன்று பால் ஸ்குரூவிலும் பளபளவென்று தெரிகிற இடமெல்லாம் சந்தனத்தால் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, மேலே அரிசிமாவும் தூவியிருந்தது. நம் வேலையிலேயே தூசு படக்கூடாத ஒரே சாமான், பெரியவர் கண்ணுக்கு மிஷினிலேயே அழகான இடமாகத் தெரிந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் அப்படித்தான் தெரியும்.

"அக்கா, ஓட்டக்கூடாது. நட்டு இது மேல உருண்டா சந்தனத்தை உள்ள இழுத்துக்கும். குண்டு எல்லாம் அரைபட்டுப் போயிடும்."

"தம்பி, மணி என்ன ஆவுது பாத்தியா? இருக்கிற பேஜாரு போதும். ஜல்தியா போட்டு முடிச்சிடலாம், நாளைக்குக் கழுவிக்கோ."

போன் இன்னும் லைனில் இருந்தது. "சந்தனம் இன்னா மணலாடா? ஓட்டுடா, ஒண்ணும் ஆவாது" என்றார் ஓனர்.

"சாமிக்கு வெச்ச சந்தனத்தைத் துடைக்கணும்ன்றியா தம்பி?" என்றார் மாமனார்.

மூன்று பேரும் என்னைவிடப் பெரியவர்கள். மூன்று பேருக்கும் ஒரு நியாயம் இருந்தது. நான் போனை அணைத்துப் பையில் போட்டேன். அந்த வேலையில் சேர்ந்து ஓனரின் போனை நானாக அணைத்தது அதுதான் முதல் தடவை. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும்.

யோசித்தேன். டேபிளின் இரண்டு ஸ்குரூவிலும் சந்தனம் வைத்த பிறகு டேபிள் நகரவே இல்லை. நட்டுக்குள் எதுவும் போயிருக்காது. பொறுமையாகத் துடைத்தால் தப்பித்துவிடும். ஹெட்டின் ஸ்குரூ கதை வேறு. ஹெட் இறங்கும்போது நட்டு அந்தப் பட்டைகள் மேல்தான் உருண்டு வந்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டது. நட்டைப் பிரித்துக் கழுவலாம். இந்த அறையில், பொரி கொட்டிக் கிடக்கிற தரையில், தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில், பால்ரஸ் குண்டுகளைக் கொட்டிக்கொண்டு உட்கார நான் தயாரில்லை. பிரிக்காமல் மண்ணெண்ணெய் விட்டு அலசலாம், ஆனால் உள்ளே சுத்தமாகிவிட்டது என்று யார் சத்தியம் செய்வது? இருப்பதோ ஒரே ஒரு கட்டி. பாதி வெட்டில் ஹெட் முரண்டு பிடித்தால் அதுவும் போச்சு.

"பழைய ஸ்குரூவையே ஹெட்டுக்குத் திரும்ப மாட்டிடலாம்" என்றேன்.

அக்கா என்னை முறைத்தார். "முட்டை போடறதுக்கா?"

"முட்டை போட்டது டேபிள் ஸ்குரூ அக்கா. ஹெட்டோடது இல்ல. அதைக் கழட்டவே வேணாம்னுதான் நான் மொதல்ல தலையால அடிச்சிக்கினேன்."

சொல்லிவிட்டேனே தவிர, அது எங்கே இருக்கிறது? பிராக்கெட்டும் நட்டும் இல்லாமல் வெறும் ஸ்குரூ கிடைத்தாலும் பயனில்லை. அன்று நான் மட்டும் பிடிவாதமாக எடுத்துப் போயிருந்தால் எல்லாம் திண்டிவனத்துக் காயலான் கடையில் எடைக்கு எடையாகப் போயிருக்கும். மாமனாரைப் பார்த்தேன். அவர் பூஜை வரிசையைக் காட்டினார். ஸ்பேனர்களுக்குப் பின்னால், சாமி படத்துக்கு நேர் முன்னால், வேட்டித் துணி விரித்து அதன் மேல் பழைய ஸ்குரூ மூன்றும். நட்டு, பிராக்கெட், தேய்ந்த வாஷர் எல்லாம் பக்கத்திலேயே வரிசையாக. எண்ணெய் மினுமினுப்போடு, விபூதிப் பட்டையோடு.

குனிந்து ஹெட்டின் ஸ்குரூவை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"விபூதியைத் துடைச்சிட்டுக் குடுங்க ஐயா" என்றேன். என் பொறுமையின் கடைசிச் சொட்டு அது. அவர் தோளில் கிடந்த துண்டாலேயே, மரை மரையாகத் துடைத்துக் கொடுத்தார்.

அப்புறம் வேலை. ஸ்குரூவைக் கழற்றும்போது ஹெட்டைத் தாங்க வேண்டுமே என்று கட்டையைக் கேட்டேன். பொட்டு அழியாமல் இரண்டு விரலால் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஹெட்டின் ஸ்குரூவை மாற்றிக்கொண்டிருக்க, அக்கா மண்ணெண்ணெய் தொட்ட பனியன் துணியால் டேபிள் ஸ்குரூக்களைத் துடைத்தார். நட்டின் வாய்க்கு அருகில் வந்ததும் தீக்குச்சியில் துணியைச் சுற்றிக்கொண்டு துடைத்தார். அவசரம் என்று சொன்னவர், உட்கார்ந்த பிறகு என்னைவிட நிதானமாக இருந்தார். குழந்தை மாமனார் மடியில் பொரி தின்றுகொண்டிருந்தது.

மாட்டி முடித்ததும் அக்கா கட்டியை வைக்க வந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஹெட்டை மேலே ஏற்றி நிறுத்தினேன். கட்டையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, நானே போய் மெயினை அணைத்தேன். எல்லோரும் ஹெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாமனார் தன்னை அறியாமல் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருந்தார், விழுந்தால் பிடிக்க.

ஹெட் அசையவில்லை.

"இப்ப கும்பிடலையே" என்றார் அக்கா. காலையிலிருந்து அவர் சொன்ன முதல் கிண்டல். மாமனார் எலுமிச்சம்பழத்தை டேபிள் நடுவில் வைத்தார். ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். மெயினைப் போட்டதும் கட்டர் சுற்றிக்கொண்டே இறங்கிப் பழத்தைக் கிழித்து டேபிள் முழுக்கச் சாறு தெறித்தது. புளிப்புச் சாறு, இரும்பு டேபிள். அதையும் துடைத்தேன். என்ன செய்வது?

பொழுது சாய்வதற்குள் குழி வட்டமாக வந்துவிட்டது. அக்கா திருப்பித் திருப்பி அளந்தார், எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு. மறுநாள் காலையில் பர்சேஸ்காரர் வந்தார், பார்த்தார், பையில் போட்டுக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் வேலை வர ஆரம்பித்தது. சென்னைக் கம்பெனிக்கு அக்கா வரவில்லை என்று சொல்லிவிட்டார். குழந்தை வல்லம் போகவில்லை.

ஓனர் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை. போனை அணைத்ததற்காக இல்லை. "புதுசைக் கழட்டிட்டுப் பழசை மாட்டிட்டு வந்திருக்கான், வெளிய சொன்னா மானம் போவுது" என்பதற்காக.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? சுவரில் ஒட்டுகிற காகிதம் மிஷினின் பாகம் ஆகாது. கட்டையும் ஆகாது. ஓர் ஆள் ஞாபகம் வைத்திருந்தால்தான் மிஷின் பத்திரம் என்றால், அந்த மிஷினை நாம் இன்னும் முடிக்கவில்லை. முடிக்காததை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், யார் செட்டு என்றாலும், யார் நல்ல நாள் என்றாலும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அந்த வீட்டில் மெயின் எட்டுகிற உயரத்தில் கை உள்ள எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, ஹெட்டை ஒரு முறை இறங்க விட்டுக் காட்டுங்கள். படித்துத் தெரிந்துகொள்ளாதவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். இதை என் அப்பாவைப் பார்த்தே நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றுகிறீர்கள் என்றால், மாட்டியது நன்றாக ஓடுகிறவரை கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள். இதை எழுதுவதற்கு எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

பிரேக் மோட்டார் தீபாவளிக்குப் பிறகு வந்து சேர்ந்தது. பழைய ஸ்குரூ பிடித்துக்கொண்டிருக்கிற இடத்தில் அதற்கு வேலை இல்லை. இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

போன ஆயுத பூஜைக்கும் அக்கா கூப்பிட்டார். இந்த முறை சீக்கிரமாகவே போய்விட்டேன். பால் ஸ்குரூக்களுக்கு மேல் அக்கா உறை போட்டிருந்தார், சந்தனமெல்லாம் உறை மேல். பிரேக் மோட்டார் பெட்டிக்கும் ஒரு பொட்டு. கற்பூரம் ஏற்றுகிற நேரம் வந்ததும் மாமனார் மெயின் பக்கம் போனார். கையைத் தூக்கியவர், நின்று திரும்பி என்னைப் பார்த்தார்.

"இப்ப எறங்காதில்ல தம்பி?"

"எறங்காது ஐயா. கட்டையே தேவையில்ல."

தலையாட்டினார். பிறகு வரிசையின் கடைசிக்குப் போய், பொட்டு வைத்திருந்த புளியங்கட்டையை எடுத்துவந்து, ஹெட்டுக்கு அடியில் நேராக நிறுத்தி, ஆட்டிப் பார்த்து, உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் மெயினை அணைத்தார். தேவையில்லாமல் போனதிலிருந்து ஒரு நாள்கூட அவர் அதை மறந்ததில்லையாம். அக்கா சொன்னார்.